குடும்ப நீதிமன்றத்தைப் பராலீகல்களுக்குத் திறந்துவிட வேண்டும்

சட்டத்தரணி அல்லாதபோதும் சட்டச் சேவை வழங்க ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற பராலீகல் ஒருவர் போக்குவரத்துக் குற்றச்சாட்டுக்கு எதிராக நீதிமன்றில் வாதாடலாம். வாடகை வீட்டை விட்டு வெளியேற்றப்படவிருக்கும் குடும்பத்துக்காகத் தீர்ப்பாயத்தில் பேசலாம். சிறிய குற்றவியல் வழக்குகள் சிலவற்றில் எதிரியின் சார்பில் முன்னிலையாகலாம். குடிவரவு, அகதிகள் சபையின் விசாரணையில் அகதியின் பக்கத்தில் அமர்ந்து அவருக்காக வாதாடவும் பராலீகலுக்கு உரிமை உண்டு. அந்த விசாரணையில் தோற்றால் என்ன நடக்கும் என்பதை ரொறன்ரோத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இவ்வளவையும் ஒப்படைக்கும் அதே உரிமம், சொத்துப் பிணக்கோ பிள்ளைகள் பற்றிய பிணக்கோ இல்லாமல் கணவனும் மனைவியும் மனமொத்துக் கேட்கும் மணமுறிவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக்கொடுக்க இடம் தருவதில்லை. உயிர் தொடர்பான விசாரணைக்குத் தகுதியானவர் ஒரு படிவத்துக்குத் தகுதியற்றவர் ஆகிறார். இந்த வேலியை நியாயப்படுத்தும் காரணம் எதுவும் எமக்குத் தெரியவில்லை. அதை அகற்ற வேண்டும்.

பராலீகல் என்ற தொழில் ஒரு காலத்தில் கட்டுப்பாடற்றுக் கிடந்தது உண்மை. யாரும் அலுவலகம் திறக்கலாம், யாரும் கட்டணம் வாங்கலாம் என்றிருந்த நிலையை ஆராய்ந்த கனடிய உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் பீற்றர் கோரி, 2000ஆம் ஆண்டில் உரிம முறை வேண்டுமென்று பரிந்துரைத்தார். 2006இல் சட்டம் திருத்தப்பட்டு, 2007 மே முதல் இத்தொழில் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் கண்காணிப்புக்குள் வந்தது. இன்று உரிமம் கேட்பவர் அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியை முடித்திருக்க வேண்டும். 120 மணிநேரம் களப்பயிற்சி பெற வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். நன்னடத்தை விசாரணையைக் கடக்க வேண்டும். தொழில்சார் காப்புறுதி எடுக்க வேண்டும். தவறினால் சட்டத்தரணியைப் போலவே ஒழுக்காற்று விசாரணையைச் சந்திக்க வேண்டும். இவர்களில் மிகப் பலர் சமுதாயக் கல்லூரிகளில் பயின்றவர்கள். பல்கலைக்கழகத்துக்குப் போக வசதியில்லாத தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வேலைக்குரிய உயர்கல்வி வேண்டும் என்று 1960களில் தொடங்கப்பட்டவை அக்கல்லூரிகள். அவற்றில் முதலாவதான செண்டெனியல் கல்லூரி 1966இல் கதவைத் திறந்தது எமது ஸ்காபரோவில்தான். அங்கெல்லாம் பயின்று வருகிறவர்களை அரசு நம்பாமல் இல்லை. அவர்கள் அன்றாடம் வாதாடும் சிறு கோரிக்கைகள் நீதிமன்றத்தின் வரம்பு 2010இல் 25,000 டொலராகவும், 2020இல் 35,000 டொலராகவும், 2025 ஒக்ரோபரில் 50,000 டொலராகவும் உயர்த்தப்பட்டிருக்கிறது.

குடும்ப நீதிமன்றத்தின் நிலையோ வேறு. ஒன்ராறியோ நீதிமன்றத்தின் முன்னாள் பிரதம நீதியரசர் அனமரி பொன்கலோவின் ஆய்வறிக்கை 2017இல் வெளியானது. 2014-15இல் குடும்ப நீதிமன்றங்களுக்கு வந்தவர்களில் 57 சதவீதத்துக்கும் அதிகமானோருக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை என்கிறது அது. வறியவர்களுக்கான சட்ட உதவியோ 2019 வரவுசெலவுத் திட்டத்தில் 133 மில்லியன் டொலர், அதாவது ஏறத்தாழ 30 சதவீதம், வெட்டப்பட்டது. சட்ட உதவி பெறும் அளவுக்கு வறுமையும் இல்லை, மணித்தியாலக் கணக்கில் சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமும் இல்லை என்று நடுவில் நிற்கும் குடும்பங்களே பெரும்பாலும் அந்த 57 சதவீதத்தில் அடங்குவோர். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒரு தாய், தாபரிப்புப் பணத்துக்காக வருமான விபரங்களை நிதிப் படிவத்தில் நிரப்பி, அதை மற்றவரிடம் சேர்ப்பித்து, சேர்ப்பித்ததற்குச் சத்தியக் கடதாசியும் முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் விடுபட்டால் தவணை தள்ளிப்போகும். தவணை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் பிள்ளையின் சாப்பாட்டிலும் வாடகையிலும் விழும் துண்டு.

பராலீகல்களைத் தடுத்துவிட்டால் இந்தத் தாய் சட்டத்தரணியிடம் போவார் என்று எண்ணுவது தவறு. அவர் ஆங்கிலம் தெரிந்த உறவினரிடம் போவார். அல்லது எந்த உரிமமும் இல்லாமல் படிவம் நிரப்பிக் காசு வாங்குபவரிடம் போவார். ஊரில் கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதிக்கொடுத்தவர்களுக்காவது ஓரளவு அனுபவம் இருந்தது. இங்கே தவறாக எழுதியவரைக் கேள்வி கேட்க யாருமில்லை. படித்து, பரீட்சை எழுதி, காப்புறுதியோடு இருப்பவரை விலக்கி வைத்துவிட்டு, எவருக்கும் பொறுப்புச் சொல்லாதவரிடம் மக்களைத் தள்ளும் ஏற்பாட்டைப் பொதுமக்கள் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது.

குடும்பச் சட்டம் சிக்கலானது என்று சட்டத்தரணிகள் பலர் சொல்வதில் பாரதூரமான உண்மை இருக்கிறது. மணமுறிவு என்று தொடங்குவது ஓய்வூதியப் பங்கீடாக, வெளிநாட்டுச் சொத்தாக, வரிப் பிரச்சினையாக விரியலாம். எல்லாவற்றிலும் கடுமையானது வீட்டு வன்முறை. அடிவாங்கியதைச் சொல்லாமல் மறைக்கும் பெண்ணின் மௌனத்தை வாசிக்கத் தெரியாதவர் அவளுடைய கோவையைத் தொடவே கூடாது. ஆனால் இந்த ஆட்சேபம் பயிற்சி வேண்டும் என்பதற்கான வாதம்; தடை வேண்டும் என்பதற்கான வாதமல்ல. பொன்கலோவும் எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லவில்லை. தனி உரிமமும் தனிப் பயிற்சியும் வேண்டும் என்றார். பிள்ளைகளின் பராமரிப்பு, எளிமையான பிள்ளைத் தாபரிப்பு, சொத்துப் பிணக்கற்ற மணமுறிவு போன்றவற்றைத் திறந்து, சிக்கலானவற்றைச் சட்டத்தரணிகளிடமே விட்டார். வன்முறையைக் கண்டறிவது கற்பிக்கக்கூடிய திறன். சட்டத்தரணி என்ற பட்டத்தோடு அது தானாக ஒட்டிக்கொண்டு வருவதுமில்லை.

ஏழைகளுக்கு இரண்டாந்தர நீதியா என்ற கேள்வி மனச்சாட்சியிலிருந்து வருவது. சட்ட உதவி நிதியை மீட்டுத் தாருங்கள் என்று அதே குரல் கேட்பதில் நாமும் சேர்ந்துகொள்கிறோம். எனினும் அந்த நிதி முழுதாக வந்தாலும் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு அது எட்டாது. இன்று அவர்களுக்குக் கிடைப்பது முதல்தரமும் அல்ல, இரண்டாந்தரமும் அல்ல. தனியே நின்று தடுமாறுவதுதான்.

எமக்கு உண்மையில் கவலை தருவது வொஷிங்ரன் மாநிலத்தின் அனுபவம். அமெரிக்காவில் முதன்முதலாக 2012இல் இத்தகைய உரிமத்தைக் குடும்பச் சட்டத்துக்காக உருவாக்கியது அந்த மாநிலம். சமுதாயக் கல்லூரிகளும் அதற்கான பாடங்களை நடத்தின. ஆனால் சட்டத்தரணியின் மேற்பார்வையில் 3,000 மணிநேர வேலை அனுபவம் வேண்டுமென்று விதித்தார்கள். கற்க விரும்பியவர்களில் மிகச் சிலரே கரை சேர்ந்தனர். செலவு அதிகம், ஆர்வம் குறைவு என்று காரணம் காட்டி 2020இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமே திட்டத்தை முடித்துவைக்கத் தீர்மானித்தது. வாசலைக் குறுக்கிவிட்டு, வருவோர் குறைவு என்று சொன்னதாகவே இதை நாம் பார்க்கிறோம். யூட்டா, அரிசோனா ஆகிய மாநிலங்கள் அந்த முடிவைக் கண்டு பின்வாங்காமல் தமது உரிமங்களைத் தொடர்கின்றன.

ஒன்ராறியோ சட்டச் சங்கம் குடும்பச் சட்டச் சேவைக்கான தனி உரிமத்துக்கு 2022 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதலை நீர்த்துப்போக விடாமல் செயலில் காட்ட வேண்டும். அதற்கான மேலதிகப் பாடநெறி மாலை நேரத்திலும் வார இறுதியிலும் அரச கல்லூரிகளில் நடக்க வேண்டும். வேலை செய்துகொண்டே படிப்பவர்கள்தான் இத்தொழிலுக்கு வருகிறார்கள். கட்டணத்துக்கு மாகாண மாணவர் உதவி கிடைக்க வேண்டும். வன்முறைக்குள்ளான பெண்களுக்கான தங்குமிடங்களில் பணியாற்றியவர்களைக் கொண்டு ஒரு பாடம் கட்டாயமாக நடத்தப்பட வேண்டும். களப்பயிற்சியின் ஒரு பகுதியைக் குடும்ப நீதிமன்றத்தின் தகவல் நிலையத்தில், கடமைச் சட்டத்தரணியின் பக்கத்தில் வைத்தால், தமிழோ உருதுவோ மண்டரினோ மட்டும் பேசும் ஒருவர் படிவத்தோடு வந்து நிற்கும்போது அவருடைய மொழியிலேயே பதில் சொல்லக்கூடிய மாணவர் அந்த மேசையில் அமர்ந்திருப்பார்.