பொன்னாடையும் கணக்கேடும்

ஓர் ஊராட்சி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொண்டது என்று கேட்டால் நாம் மகிழ்கிறோம். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் நம் ஊர்த் தெருவில் பகலிலும் விளக்கு எரிகிறது. அதை அணைக்க ஆளில்லை! இதுதானா பாராட்டு?

மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியை எண்ணிப் பாருங்கள். 2006-ஆம் ஆண்டில், தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை அது வாங்கியது. காற்றாலை நிற்பது உடுமலைப் பக்கம் மைவாடியில். அங்கே பிறக்கும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேர்கிறது. ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சியது விற்பனையாகிறது. பல நாட்டாரும் வந்து கண்டு வியந்தனர்.

வந்தவர்கள் சுழலும் இறக்கையைப் பார்த்தார்கள். அதற்கு முன் நடந்ததை எத்தனை பேர் பார்த்தார்கள்? குடிநீர் இறைப்பதற்கும் தெருவிளக்குக்கும் ஆகும் செலவு ஏறிக்கொண்டே போவதை ஊராட்சி கணக்கிட்டது. மரக்கழிவை வாயுவாக்கி மோட்டாரை ஓட்டிப் பார்த்தது. காற்றாலை பிறகே வந்தது. முதலில் வந்தது கணக்கேடு!

"அது தமிழ்நாட்டுக் கதை, கேரளத்தில் நடக்குமா?" என்பார் உண்டு. பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்து மீன்வல்லத்தில் 3 மெகாவாட் நீர்மின் நிலையம் அமைத்து, 2014-இல் இயக்கிக் காட்டியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல் 1940-இல் எழுந்ததும் எங்கள் மலையிலேதான். மைவாடியில் இறக்கையைச் சுழற்றுவது பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று. காற்று எல்லை பார்ப்பதில்லை; நாம் ஏன் பார்க்க வேண்டும்?

என் ஊர் வட்டவடை. பூண்டும் கோசும் விளைக்கும் தமிழ் உழவர்களின் ஊர். சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டிலேயே கணக்குப் பார்த்தேன். 60 வாட் குண்டு பல்பு ஒன்று நாளைக்கு ஐந்து மணி எரிந்தால் மாதம் 9 யூனிட். அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி. விளக்குக்கு ஒன்றரை யூனிட்டும் ஆகாது. அப்பாவிடம் சொன்னேன். "மஞ்சள் வெளிச்சம்தானப்பா குளிருக்கு இதம்" என்றார். இயற்பியல் படிக்கும் மகன் வாயடைத்து நின்றேன்! தாளில் எழுதிக் காட்டிய பிறகே பல்பு மாறியது.

வீட்டுக்குச் செய்ததை ஊருக்குச் செய்ய முடியாதா? பரிசு வேண்டாம் என்பதல்ல என் வாதம். உழைத்தவர்க்குச் சிறப்புச் செய்வது நம் மரபு. ஆனால் பொன்னாடை ஒருவர் தோளோடு நின்றுவிடும். கணக்கேடு ஊர் முழுவதும் போகும்.

ஆகவே மன்றத் தோழர்களே, அடுத்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு நோட்டோடு அவரவர் ஊருக்குப் போவோம். தெருவிளக்கையும் நீர் இறைக்கும் மோட்டாரையும் எண்ணி, ஆகும் யூனிட்டைக் குறித்து, கிராம சபையில் படித்துக் காட்டுவோம். ஓடந்துறைக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான பாராட்டு அதுவே.