மோட்டாரை மாற்றுவதா, குழாயை மாற்றுவதா?

கேள்வி: எங்கள் கிணற்றில் தண்ணீர் 40 அடி ஆழத்தில் இருக்கிறது. 5 ஹெச்.பி மோட்டார். சமதளத்தில் 1,000 அடி தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு 2 இன்ச் பி.வி.சி குழாய் போட்டிருக்கிறோம். கடைசி முனையில் 200 லிட்டர் பேரல் நிறைய 50 விநாடி ஆகிறது. 7.5 ஹெச்.பி மோட்டார் போடச் சொல்கிறார் கடைக்காரர். நகையை அடகு வைத்தால்தான் முடியும். சிவில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளோ, ‘குழாயைப் பெருசாக்குங்கப்பா’ என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகர், நாமக்கல் மாவட்டம்.

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். மகள் சொல்வதுதான் சரி.

வாய்க்காலில் மிதக்கும் சருகைப் பாருங்கள். நடுவில் வேகமாகப் போகும், கரையோரம் தயங்கும். குழாய்க்குள்ளும் அப்படித்தான். சுவரை ஒட்டிய தண்ணீர் நகர்வதே இல்லை. அந்த உரசலைத் தாண்டித் தள்ளவே மோட்டாரின் பலம் செலவாகிறது. அதைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. பிரான்சின் திஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த ஹென்றி டார்சியின் பெயரும், ஜெர்மனியின் வைஸ்பாக் பெயரும் சேர்ந்தது. மகளின் ‘ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்’ புத்தகத்தில் கட்டாயம் இருக்கும்.

உங்கள் பேரல் கணக்குப்படி விநாடிக்கு 4 லிட்டர் வருகிறது. அதற்கு 2 இன்ச் குழாயில் உரசல் இழப்பு சுமார் 83 அடி. கிணற்றின் 40 அடியைவிட இரண்டு மடங்கு! அதே குழாயில் கால் பங்கு தண்ணீர் கூட வேண்டுமென்றாலே இழப்பு 130 அடிக்கு ஏறிவிடும். பெரிய மோட்டாரின் பலமெல்லாம் அதற்கே போய்விடும். அதே 4 லிட்டர் 3 இன்ச் குழாயில் போனால் இழப்பு 11 அடிதான். மிச்சமாகும் பலத்தில் இப்போதுள்ள பம்பே கூடுதலாகத் தள்ளும். எவ்வளவு என்பது பம்பைப் பொறுத்தது.

1,000 அடிக்கு 3 இன்ச் குழாயும் சும்மா வராது, ஒப்புக்கொள்கிறேன். பழைய குழாய் நன்றாக இருந்தால் அதைப் பிடுங்காமல், பக்கத்திலேயே இன்னொரு 2 இன்ச் குழாய் போட்டு இரண்டு முனையிலும் இணைத்துவிடலாம். ஒவ்வொன்றிலும் பாதித் தண்ணீர். இழப்பு கால் பங்காகி, சுமார் 21 அடிக்கு இறங்கும்.

ஒரு எச்சரிக்கை. எதிர்ப்பு குறைந்தால் பம்பு அதிகத் தண்ணீரை இழுக்கும், மோட்டார் சூடேறலாம். எலக்ட்ரீஷியனை வைத்து ஆம்பியர் பாருங்கள். மோட்டார் தகட்டில் உள்ளதைத் தாண்டினால், கேட் வால்வை ஆம்பியர் இறங்கும்வரை சற்று மூடி வையுங்கள்.