எந்த இயந்திரம், எந்தச் சுழலி? தமிழிலேயே பேசலாமே!



காத்தோங்வாசிகளுக்கு விமானம் புதுமையன்று. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் சற்று நேரம் நின்றால், சாங்கியில் இறங்க வரும் விமானங்களைக் காணலாம். ஆயினும், ஒரு விமானத்தைப் பற்றித் தமிழில் ஐந்து நிமிடம் உரையாட நம் பிள்ளைகளால் இயலுமா? இயலாது என்றெண்ணி நான் செய்த பிழையே இப்பதிவுக்குக் காரணம்.

தொடக்கநிலை ஐந்தில் வாய்மொழிப் பயிற்சி. தலைப்பு, விடுமுறை. ஒரு மாணவன் ஆஸ்திரேலியாவிலுள்ள தன் மாமா வீட்டுக்குச் சென்று வந்ததைக் கூறத் தொடங்கினான். மாமா தம் கார்க் கொட்டகையில் இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைத் தாமே கட்டிவருகிறாராம். "எந்த எஞ்சின், எந்தப் புரொப்பெல்லர் என்று மாமா இன்னும் முடிவு செய்யவில்லை, ஆசிரியர்" என்றவன், காரணத்தைச் சொல்ல வந்ததும் ஆங்கிலத்துக்குத் தாவினான். நான் இடைமறித்தேன். "அது கடினம். கடற்கரைக்குப் போனதைச் சொல்" என்றேன். சொன்னான். நான்கு வாக்கியங்கள், பிழையும் இல்லை, உயிரும் இல்லை.

அவன் சொல்ல வந்தது என்ன? பின்னர் அவனைக் கேட்டும், தேடிப் படித்தும் அறிந்துகொண்டேன்.

வீட்டில் விமானம் கட்டுவோர் பலர் நாடும் இயந்திரங்கள் இரண்டு. ஒன்று, ஆஸ்திரியாவில் தயாராகும் ரோட்டாக்ஸ் 912. மற்றொன்று, ஃபோக்ஸ்வாகன் காரின் இயந்திரத்தை விமானத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தது. முன்னது விலை மிக்கது, பின்னது மலிவு. ஆனால் விலையோடு கதை முடிவதில்லை.

ரோட்டாக்ஸின் 100 குதிரைத்திறன் வகை, நிமிடத்துக்கு 5,800 சுற்று சுழலும்போதுதான் தன் முழுத் திறனைத் தருகிறது. 1.7 மீட்டர் குறுக்களவுள்ள சுழலியை அதே வேகத்தில் சுற்றினால், அதன் நுனி விநாடிக்கு 500 மீட்டருக்கு மேல் பாயும். ஒலியின் வேகமோ ஏறத்தாழ 340 மீட்டர்தான். நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினாலே இரைச்சல் மிகும், உந்துவிசை வீணாகும். ஆகவே இடையில் பற்சக்கரப் பெட்டி வைத்து, சுழலியின் வேகத்தை ஏறத்தாழ 2,400 சுற்றாகக் குறைக்கிறார்கள். அப்போது நுனியின் வேகம் 214 மீட்டராக அடங்கும். ஃபோக்ஸ்வாகனில் பெரும்பாலும் இந்தப் பெட்டி இராது. சுழலி நேராக இயந்திரத்தோடு இணையும். அதனால் குட்டையான சுழலிதான் பொருந்தும்.

அடுத்தது இதழின் சாய்வு. சாய்வு குறைந்த சுழலி, சைக்கிளில் மேடேற உதவும் கியரைப் போன்றது. விமானம் விரைந்து மேலெழும், நேர்ப்பயணத்தில் பின்தங்கும். சாய்வு மிகுந்தது இதற்கு நேர்மாறு. குறுகிய ஓடுபாதையிலிருந்து கிளம்புவோர் முன்னதையும், நெடுந்தொலைவு செல்வோர் பின்னதையும் விரும்புவர். எடையையும் மறக்கலாகாது. மூக்கில் பாரம் கூடினால் விமானத்தின் சமநிலையே மாறிவிடும்.

இதில் எங்கேனும் தமிழ் தடுமாறியதா? வேகம், சுற்று, நீளம், சாய்வு, எடை, விலை ஆகிய சொற்களே போதுமானவையாக இருந்தன. ரோட்டாக்ஸ், கியர் போன்ற பெயர்களை அப்படியே சொல்வதால் மொழிக்கு இழுக்கில்லை. மாணவனுக்குக் குறைவாக இருந்தவை கலைச்சொற்கள் அல்ல. "ஆகவே", "ஆனால்", "இதைவிட", "இல்லாவிட்டால்" என்று காரணங்களைக் கோக்கும் பழக்கமே. அப்பழக்கத்தைத் தருவதுதான் மொழிப்பாடத்தின் வேலை. கடினம் என்று நான் ஒதுக்கியது அதைத்தான்.

இவ்வரலாறும் நமக்கு அந்நியமன்று. 1903இல் ரைட் சகோதரர்கள் தங்களுக்கேற்ற இயந்திரம் வெளியில் கிடைக்காமல், தம் பட்டறைத் தொழிலாளர் சார்லஸ் டெய்லரைக் கொண்டு 12 குதிரைத்திறனில் ஒன்றைச் செய்துகொண்டனர். 1910இல் சென்னையில் உணவுவிடுதி நடத்திவந்த டி ஏஞ்சலிஸ், தாமே வடிவமைத்து சிம்ப்சன் நிறுவனத்தில் செய்வித்த விமானத்தைப் பறக்கவிட்டார். 1911 மார்ச் 16 அன்று சிங்கப்பூரின் முதல் விமானம் எழுந்ததும், நம் தேக்காவுக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் குதிரைப்பந்தயத் திடலிலிருந்துதான். ரேஸ்கோர்ஸ் சாலையில் உணவருந்தச் செல்லும் பெற்றோர் இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமே!

"தேர்வில் விமானமா வரப்போகிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான், தேர்வுக்குரிய நேரம் குறைவு என்பதை நானும் அறிவேன். ஆயினும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் தமிழ், தான் நேசிக்கும் பொருளுக்கு ஆங்கிலம் என்று பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை பிரித்துக்கொண்டால், தேர்வுக்குப் பிறகு அவன் எதைப் பற்றித் தமிழில் பேசுவான்? ஆகவே பெற்றோர்களே, பிள்ளையின் விருப்பம் கால்பந்தோ கணினி விளையாட்டோ எதுவாயினும், "இதை ஏன் தேர்ந்தெடுத்தாய்? அதை ஏன் விட்டாய்?" என்று வீட்டில் தமிழிலேயே கேளுங்கள். ஆங்கிலச் சொல் கலந்தால் உடனே திருத்தாதீர்கள், முடிக்க விடுங்கள்.

மறுவாரம் அம்மாணவனை மீண்டும் அழைத்து, விமானத்தைப் பற்றியே பேசச் சொன்னேன். ஐயத்தோடு என்னைப் பார்த்துவிட்டுத் தொடங்கினான். மணியடித்தும் நிறுத்தவில்லை. ஒருமை, பன்மைப் பிழைகள் ஏழோ எட்டோ இருந்தன. அவற்றைப் பிறகு திருத்திக்கொண்டோம்.

உங்கள் வகுப்பிலும் வீட்டிலும் இத்தகைய அனுபவம் உண்டாயின், அவசியம் எழுதுங்கள்.