ரூட் கடவுச்சொல் யார் கையில்?

நம்மில் சிலருக்கு, பல்கலைக்கழகம் வந்து ஈராண்டு ஆகுமுன்னே ஒரு பதவி வந்து சேருகிறது. அதற்குத் தேர்தலும் இல்லை, சம்பளமும் இல்லை. துறையின் சர்வரைக் கவனித்துவந்த மூத்த மாணவர், பட்டம் பெற்றுப் புறப்படும் நாளில் துண்டுத் தாளொன்றில் ரூட் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்து, "தம்பி, இனி உன் பாடு" என்று கூறி ரயிலேறிவிடுகிறார். எனக்கும் அப்படித்தான் வந்தது. இந்த வழக்கம் ஒழியவேண்டும் என்று சொல்லவே இதனை எழுதுகிறேன்.

அன்று அந்தச் சர்வரில் இருந்தது சென்ட் ஓ.எஸ். 7. பேக்கேஜ்களை வரவழைத்து நிறுவுவது யம் என்னும் கருவியின் வேலை. பாடத்திற்குப் பைதான் 3 வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நிறுவினேன். அதோடு நின்றேனா? பைதான் என்று அழைத்தால் புதியதே வரும்படி பழைய இணைப்பையும் மாற்றிவைத்தேன். யம் எழுதப்பட்டிருந்ததோ பைதான் 2-இல். மறுமுறை அழைத்தபோது, இலக்கணப் பிழை என்று கூவிவிட்டு அது விழுந்தது. இணைப்பைப் பழையபடி திருப்பியிருந்தால் அரை நிமிடத்தில் காரியம் முடிந்திருக்கும். நானோ, பழைய பைதானை அடியோடு எடுத்துவிட்டு மீண்டும் நிறுவுவோம் என்று எண்ணினேன். எவை எவை அதனைச் சார்ந்திருக்கின்றன என்று பாராதே எனக் கட்டளையிட்டு, ஆர்.பி.எம். கொண்டு அதனை நீக்கினேன். மீண்டும் நிறுவ வேண்டிய யம், அந்தப் பைதானில்தான் உயிர் வாழ்ந்தது என்பது நீக்கிய பிறகே உறைத்தது. அமர்ந்த கிளையையே வெட்டிய காளிதாசனின் கதையைக் கேட்டுச் சிறு வயதில் விழுந்து விழுந்து சிரித்தவன் நான்!

அந்த இயந்திரத்தில் ஆய்வு மாணவர் மூவரின் கணக்கீடுகள் மணிக்கொருமுறை ஓடிக்கொண்டிருந்தன. அத்தனையும் பைதான். அத்தனையும் நின்றன. மூவரில் ஒருவர் அந்த வாரமே ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டியவர். நல்லகாலம், ஆர்.பி.எம். சி மொழியில் எழுதப்பட்டது; அதற்குப் பைதானின் தயவு தேவையில்லை. வேறோர் ஆய்வகத்தில் இருந்த அதே வகை இயந்திரத்தைப் பார்த்து, வேண்டிய பேக்கேஜ்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கொணர்ந்து நிறுவி முடிக்க இரண்டு நாட்கள் ஆயின. அந்த ஆய்வு மாணவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று அன்று எனக்குத் தோன்றியது.

இதைக் கேட்ட நண்பர்கள் பலர், "ஓடுகிற வண்டியை ஏன் தொட்டாய்?" என்றார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. 2019 ஜனவரியில் டெபியனின் ஏ.பி.டி. கருவியிலேயே ஒரு பெருங்குறை வெளிப்பட்டது. பேக்கேஜை இறக்கும் வழியில் நடுவே நிற்கும் ஒருவன், கருவியை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதுபோல் பாவனை செய்து, பொய்ப் பேக்கேஜை மெய்யென நம்பவைக்கலாம். நிறுவுவது ரூட் அதிகாரத்தில் அல்லவா? இயந்திரமே அவன் வசமாகிவிடும். இதில் ஒரு விந்தையைப் பாருங்கள். குறையைத் தீர்க்கும் புதிய ஏ.பி.டி.யை இறக்கித் தரவேண்டியதும் அதே பழைய ஏ.பி.டி. தான்! ஆகவே, இந்த ஒருமுறை முகவரித் திருப்பலை ஏற்காதே என்று கருவிக்குச் சொல்லிவிட்டு மேம்படுத்துங்கள் என டெபியன் அறிவித்தது. அது இயலாதவர்க்கு, கையாலேயே இறக்கிச் சரிபார்த்துக்கொள்ளக் கோப்புகளின் முகவரிகளையும் ஹாஷ் எண்களையும் அச்செடுத்தாற்போல் கொடுத்தது. அன்று தொடாமல் இருந்தவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்கியவர்கள். சென்ட் ஓ.எஸ். 7-க்கும் 2024 ஜூன் 30-ஆம் நாளோடு ஆதரவு முடிந்தது. தொடாமலே காலந்தள்ள எவராலும் இயலாது.

தொடுவது எப்படி என்பதே கேள்வி. ஊரில் கோயில் திருப்பணி நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கருவறையில் உளி வைக்குமுன் பாலாலயம் அமைத்து, வழிபாட்டை அங்கே மாற்றிவிடுகிறார்கள். (பகுத்தறிவு பேசும் தோழர்கள் சினங்கொள்ள வேண்டாம், நான் சொல்வது திட்டமிடும் முறையை மட்டுமே.) நம் சர்வருக்கோ பாலாலயம் கிடையாது, நள்ளிரவில் எவருக்கும் சொல்லாமல் மூலவரின் மேலேயே உளி வைக்கிறோம். பழைய கணினி ஒன்றிலோ மெய்நிகர் இயந்திரத்திலோ சர்வரின் நகலை எழுப்பி, மேம்படுத்தலை முதலில் அங்கே நடத்திப் பார்ப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளைப் படிப்பவர் அரிது. ஆனால் வேண்டியது அதில் இருக்கிறது. நிறுவப்பட்ட பேக்கேஜ்களின் பேரேடு வார் டைரக்டரிக்குள், லிப் என்பதன் கீழே, டீ.பி.கே.ஜி. என்ற பெயரில் உள்ளது. அதனையும் ஈ.டி.சி. டைரக்டரியையும் வேறோர் இயந்திரத்தில் படியெடுத்து வைக்கச் சொல்கிறார்கள். தொலைவிலிருந்து செய்வதானால் ஸ்கிரீன் போன்றதொன்றுக்குள் இருந்து செய்யச் சொல்கிறார்கள். விடுதியின் வைஃபை எந்த நொடியில் அறுபடும் என்று அறிந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை உண்டோ? புதிய பேக்கேஜ் எதனையும் சேர்க்காத சிறு மேம்படுத்தலை முதலில் முடித்து, அதன்பின் முழு மேம்படுத்தலுக்குச் செல்லச் சொல்கிறார்கள். என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: எதையெல்லாம் நீக்கப் போகிறேன் என்று கருவி காட்டும் பட்டியலை வரி விடாமல் படியுங்கள். 'ஆம்' என்று விசையை அழுத்தும் அவசரத்தில்தான் அழிவு நேர்கிறது.

பேராசிரியர்களிடம் நாம் கேட்கவேண்டியது ஒத்திகைக்கு ஒரு பழைய இயந்திரம், அவ்வளவே. நமக்குள் செய்துகொள்ளவேண்டிய ஏற்பாடு வேறு: அந்த ஒத்திகை இயந்திரத்தை ஒருமுறை கெடுத்து, ஒருமுறை மீட்டவருக்கே கடவுச்சொல். இதனைக் கொடுமை என்பாரும் உளர். இளையவர்களை அச்சுறுத்தி ஓட்டிவிடுவாய் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் சர்வரில் இப்போது டெபியன். அண்மையில், எனக்குப்பின் பொறுப்பேற்க வந்த தம்பியை ஒத்திகை இயந்திரத்தின் முன் அமர்த்தி, டீ.பி.கே.ஜி. நிரலை அவர் கையாலேயே அழிக்கச் சொன்னேன். முகம் வெளிறிற்று. டெபியன் பேக்கேஜ் என்பது ஏ.ஆர். என்ற பழங்கருவியால் கட்டிய மூட்டையே என்றும், உள்ளே இருப்பது டார் கோப்புகளே என்றும் மட்டும் சொல்லிவிட்டு வெளியே சென்றேன். அந்த ஏ.ஆர். எல்லா இயந்திரத்திலும் இருப்பதில்லை. அவரே தேடி, வேறு கணினியில் மூட்டையை அவிழ்த்து, நிரலைக் கொணர்ந்து அதன் இடத்தில் வைத்து, பின் அதனைக் கொண்டே அதன் பேக்கேஜை முறையாக நிறுவியிருந்தார். நான் தேநீர் குடித்துத் திரும்பியபோது முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கடவுச்சொல்லை மறுநாள் காலை கொடுத்தேன்; துண்டுத் தாளில் அல்ல.