திங்கட்கிழமை மாலை ஐந்து மணி

ஊக்கமாக ஜெபிப்பது என்றால் உரக்க ஜெபிப்பது என்று நம் சபைகளில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். முழு இரவு ஜெபத்தில் ஒலிபெருக்கியின் சத்தம் ஏற ஏற, அனல் மூண்டுவிட்டது என்கிறோம். அடுத்த வாரம் வேறு மேடை, வேறு பிரசங்கியார், வேறு விண்ணப்பம். போன வாரம் கதறிக் கேட்டது என்ன என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கண்ணீரை நான் குறைத்துப் பேசவில்லை. சீலோவின் ஆலயத்தில் அன்னாளும் அழுதுதான் ஜெபித்தாள். ஆனால் அவள் உதடுகள் மட்டுமே அசைந்தன. குரல் வெளியே கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டார். வருஷந்தோறும் அதே இடத்துக்கு அதே பாரத்தோடு வந்தவள் அவள். ஒரு காரியத்தை எத்தனை காலம் விடாமல் கடவுள் முன் வைக்கிறோம் என்பதுதான் ஊக்கத்தின் அளவு என்று நான் நம்புகிறேன்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து நிக்கோலாய் தேவாலயம் இதற்கு நல்ல சாட்சி. கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் இருந்த கிழக்கு ஜெர்மனியில், 1982 முதல் அங்கே திங்கட்கிழமைதோறும் மாலை ஐந்து மணிக்குச் சமாதானத்துக்காக ஜெபக்கூட்டம் நடந்தது. ஐரோப்பாவின் இரு பக்கமும் அணு ஏவுகணைகளைக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. கிறிஸ்டியான் ஃப்யூரர் அங்கே போதகராக இருந்தார். சில வாரங்களில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உளவுத்துறையின் ஆட்களும் வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். கூட்டத்தை யார் நடத்துவது என்பதில் 1988இல் சபைத் தலைமைக்கும் சமாதானக் குழுக்களுக்கும் இடையே பூசல்கூட வந்தது. 1989 மே மாதத்திலிருந்து தேவாலயத்துக்கு வரும் தெருக்களைப் போலீஸ் மறித்தது. செப்டம்பரில் வாசலிலேயே கைது செய்தது. கைதானவர்களின் பெயர்களை எழுதி மக்கள் தேவாலய ஜன்னல் கம்பிகளில் மாட்டினார்கள்; பூக்களும் மெழுகுவர்த்திகளும் வைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை, மறுபடியும் ஐந்து மணிக்கு ஜெபம். அக்டோபர் 9 அன்று ஆளுங்கட்சி தன் ஆட்கள் சுமார் 600 பேரை முன்னதாகவே அனுப்பி இருக்கைகளை நிரப்பியது. அவர்களும் உட்கார்ந்து மலைப்பிரசங்கத்தைக் கேட்டார்கள். அன்று மாலை சுமார் 70,000 பேர் நகர வீதிகளில் நடந்தார்கள். அதே ஆண்டு ஜூனில்தான் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ரத்தம் சிந்தியிருந்தது. லைப்சிக்கிலும் துப்பாக்கி வெடிக்கும் என்று ஊரே அஞ்சியது. ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

அதற்கு ஜெபமா காரணம் என்று வரலாறு படித்தவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சோவியத் தலைவர் கோர்பச்சேவின் மாஸ்கோ படை அனுப்பும் மனநிலையில் இல்லை. ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட்டிருந்தது. கிழக்கு ஜெர்மனி கடனில் மூழ்கியிருந்தது. அக்டோபர் 9 அன்று இசை நடத்துநர் குர்ட் மசூர் உட்பட ஆறு பேர் விடுத்த அமைதி வேண்டுகோளுக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டு ஜெபம்தான் சுவரை இடித்தது என்று மேடையில் முழங்குவது உண்மைக்குச் செய்யும் துரோகம். ஆனால் கோபமும் பயமும் கொண்ட 70,000 பேர் கையில் கல் எடுக்காமல் நடந்தார்களே, அது பொருளாதார நெருக்கடியால் வந்த குணமா? பகைவரை நேசிக்கச் சொன்னவரின் வார்த்தையை ஏழு ஆண்டுகளாகத் திங்கட்கிழமைதோறும் வாசித்து, அதற்காகவே ஜெபித்த ஒரு சிறு கூட்டம் அந்தப் பெருங்கூட்டத்துக்கு நடை பழக்கியிருந்தது. மெழுகுவர்த்தியைப் பிடிக்க ஒரு கை, காற்றில் அணையாமல் மறைக்க இன்னொரு கை. கல்லெடுக்கக் கை மிச்சமில்லை என்று ஃப்யூரர் பின்னாளில் சொன்னதுண்டு. செயலிலிருந்து தப்பிக்கத்தான் ஜெபிக்கிறார்கள் என்று குறை சொல்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வீதியில் இறங்கும் துணிவு அவர்களுக்கு அந்த ஜெபத்திலிருந்தே வந்தது.

வேதத்தை அறிந்தவர்களிடமிருந்து வேறொரு ஆட்சேபம் வரும். கேட்பதற்கு முன்னமே நம் தேவைகளைப் பிதா அறிந்திருக்கிறார், வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்கும்போது, திரும்பத் திரும்பக் கேட்பானேன்? அதே இயேசுதான், நீதியற்ற நியாயாதிபதியிடம் ஓயாமல் நடந்த விதவையின் கதையையும் சொன்னார். அந்த நியாயாதிபதி கடவுளுக்கு ஒப்பானவன் அல்ல, நேர் எதிரானவன். தொல்லை தாங்காமல் அவனே நியாயம் செய்தால், அன்புள்ள பிதா எவ்வளவு அதிகமாகச் செய்வார் என்பதே கதையின் வாதம். ஆக, விடாமல் கேட்பது கடவுளின் மனத்தைக் கரைக்கும் தந்திரம் அல்ல. அவர் நீதியுள்ளவர் என்பதைப் பல ஆண்டு மௌனத்துக்கு நடுவிலும் நம்புவது. இன்னொன்றையும் பாருங்கள். அந்த விதவை செல்வம் கேட்கவில்லை, நியாயம் கேட்டாள். விசாவுக்கும் வேலைக்கும் ஜெபிப்பது தவறே இல்லை. ஆனால் அவை கிடைத்தவுடன் ஓய்ந்துவிடும் ஜெபத்துக்கு அந்த விதவையை முன்மாதிரி காட்டக் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி, கிடைக்காத பதிலைப் பற்றியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் ஊழியர்கள் இருக்கிறார்கள். இது கொடுமை, வேதத்துக்கும் விரோதம். கெத்செமனே தோட்டத்தில் வியர்வை ரத்தத் துளிகளைப் போல் தரையில் விழ ஜெபித்தவரைவிட ஊக்கமாக ஜெபித்தவர் உண்டா? மூன்று முறை கேட்டார், பாத்திரம் நீங்கவில்லை. பவுலும் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, கிருபை தரப்பட்டது. பிற்காலத்தில் மகன் அகுஸ்தீன் மனந்திரும்பப் பல ஆண்டுகள் அழுது ஜெபித்த மோனிக்காவின் அனுபவம் இன்னும் நுட்பமானது. 383இல் அகுஸ்தீன் ரோமுக்குப் போகக் கூடாது என்று கார்த்தேஜ் கடற்கரையில் இரவெல்லாம் மன்றாடினாள். அவரோ அவளிடம் பொய் சொல்லிவிட்டு, அதே இரவில் கப்பலேறிவிட்டார். அந்தப் பயணம்தான் அவரை மிலானுக்கும் ஆயர் அம்புரோசிடமும் கொண்டுபோனது. 387இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அந்த இரவில் தாய் கேட்டது மறுக்கப்பட்டதால்தான் அவள் வாழ்நாளெல்லாம் கேட்டது கிடைத்தது என்று அகுஸ்தீனே பிற்பாடு எழுதினார். எல்லா மறுப்பும் இப்படி விளங்கிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். பதில் வராததை வைத்து ஜெபித்தவரின் விசுவாசத்தை எடைபோட நமக்கு உரிமையில்லை என்றே சொல்கிறேன்.

சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு முழுவதற்கும் ஒரே ஒரு நியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதி பிரித்துச் சுவர் எழுப்பப்பட்ட ஊர் உண்டு. சுவரில்லாமலே சாதி பார்க்கும் சபைகள் அதைவிட அதிகம். அதற்காக வாரம் ஒரு மணி நேரம், ஒலிபெருக்கி இல்லாமல், பத்துப் பேர் வந்தாலும் ஜெபியுங்கள். ஓராண்டில் மாறாவிட்டால் அடுத்த ஆண்டும் அதையே எடுங்கள்.