மெழுகுக்குள்ள ஒரு இன்லேண்ட் லெட்டர்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஹாஸ்டல் ரூம்ல தேன் வாசனை தூக்கலா அடிச்சுது. 'எவன்டா அது, தனியா ஸ்வீட் சாப்பிடறது?'னு பக்கத்து ரூம் பசங்க மொத்தமா படையெடுத்து வந்தா, சட்டியில உருகிட்டு இருந்தது தேன்மெழுகு. அப்ப அவனுங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே... அப்பப்பா!

மேட்டர் என்னன்னா, 'என்காஸ்டிக்'. உருக்கின தேன்மெழுகுல கலரைக் கலந்து, ஆறுறதுக்குள்ள தீட்டற ஓவியம். 'சூடு காட்டிப் பதிக்கறது'ங்கற அர்த்தம் வர்ற கிரேக்க வார்த்தையில இருந்து வந்த பேர். எகிப்தை ரோமானியர்கள் ஆண்ட காலத்துல, இறந்தவங்க முகத்தை மரப்பலகையில இப்படி வரைஞ்சு மம்மி மேலயே வெச்சுக் கட்டியிருக்காங்க. ஃபாயூம் பகுதியில கிடைச்ச அந்த முகங்கள் 1,700 வருஷம் தாண்டியும் கண்ணுக்கு நேரா நம்மளைப் பார்க்குது.

என்னை இதுல இழுத்துவிட்டது ஜாஸ்பர் ஜான்ஸ். ராணுவத்துல இருந்து வெளியே வந்த இந்த அமெரிக்க இளைஞர், 1954-ல தன் நாட்டுக் கொடியை வரையற மாதிரி கனவு கண்டு, உடனே வேலையை ஆரம்பிச்சுட்டார். அப்ப வயசு 24. முதல்ல எடுத்தது எனாமல் பெயின்ட். அது காயறதுக்குள்ள பொறுமை போயிடுச்சு. மெழுகு சட்டுனு இறுகிடும், ஒரு தீட்டல் அடுத்ததோட கலக்காது. அதனால மெழுகுக்கு மாறினார். செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி, மேல மெழுகு. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துல இருக்கற அந்தக் 'கொடி'யைக் கிட்டப் போய்ப் பார்த்தா, உள்ளே அச்செழுத்துகள் தெரியும். ஆனா நியூஸை முழுசாப் படிக்க முடியாது!

சரி, நாமளும் செய்வோம்னு கிளம்பினேன். முதல்ல சாதா மெழுகுவத்தி. ஆறினதும் வறண்ட ஏரி மாதிரி விரிசல். அப்புறம்தான் நாட்டு மருந்துக் கடையில தேன்மெழுகு வாங்கினேன். மெழுகு இறுகறதுக்கு டாமர்னு ஒரு மரப்பிசினையும் ஓவியர்கள் சேர்ப்பாங்க. நம்ம வெள்ளைக் குங்கிலியமும் அந்த மரக் குடும்பம்தான். அதை உருக்கி வடிகட்டற பொறுமை நமக்கு ஏது? வெறும் மெழுகோட நிறுத்திக்கிட்டேன்.

63 டிகிரி செல்சியஸ் பக்கத்துல உருக ஆரம்பிக்கும். 90-ஐத் தாண்ட விடாதீங்க. புகை வந்தா அடுப்பை அணைங்க, ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ஒவ்வொரு பூச்சுக்கு மேலயும் சூடு காட்டி அடியில இருக்கறதோட உருக்கி இணைக்கணும். இல்லேன்னா பின்னாடி ஏடு ஏடா உரிஞ்சு வந்துடும். ஒயர் மேல ஸ்லீவ் சுருக்க லேப்ல வெச்சிருக்கற ஹீட் கன்னை (கெஞ்சிக் கூத்தாடி) வாங்கிட்டு வந்தேன்.

இன்ஜினீயரிங் புத்தி சும்மா இருக்குமா? ப்ளைவுட் மேல ஸ்கேல் வெச்சு கட்டம் போட்டு, பஸ் டிக்கெட் இங்கே, அப்சர்வேஷன் நோட் பக்கம் அங்கேனு நம்பர்கூட எழுதினேன். பிரஷ்ஷை எடுத்த சில செகண்ட்லயே மெழுகு அதுலயே இறுகிடுச்சு. காட்டின சூட்டுல டிக்கெட் நகர்ந்து மூணாம் கட்டத்துக்குப் போய் உட்கார்ந்துடுச்சு. எடுத்து மறுபடி ஒட்டினேன், மறுபடியும் போச்சு. 'போ, அங்கேயே இரு'னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் கை எதைத் தேடுச்சோ அதை ஒட்டினேன்.

அப்படித் தேடினப்ப கையில வந்தது தாத்தாவோட இன்லேண்ட் லெட்டர். ஃபர்ஸ்ட் இயர்ல எழுதினது. எல்லாரும் வாட்ஸ்அப்ல இருந்தப்ப அவர் மட்டும் தபால்ல வந்துட்டு இருந்தார். போன வருஷம் போயிட்டார். ரூம்மேட் கத்தினான்: "டேய், ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுடா!" சட்டியில மெழுகு தயாரா இருந்துச்சு. அசலையே வெச்சுட்டேன்.

மெழுகு ஊறினா காகிதம் கண்ணாடி மாதிரி ஆயிடும். எனக்குத் தெரியும், ஆனா அந்த நேரத்துல தோணல. பின்பக்க எழுத்து முன்பக்கத்துக்கு வந்து, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடுச்சு. மெழுகைச் சுரண்டிப் பார்த்தேன், காகிதமும் சேர்ந்து கிழிய ஆரம்பிச்சுது. விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

லீவுக்குப் போனப்ப அம்மாகிட்ட காட்டினேன். "என்னடா, அப்பா எழுதினதைப் படிக்கவே முடியலையே?"னாங்க. எனக்குப் பதில் வரல. சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்தாங்க, விரலால தடவினாங்க, மோந்து பார்த்தாங்க. "இங்கே பாரு... 'வேளாவேளைக்குச் சாப்பிடு'." அது மட்டும் தெரிஞ்சுது. போர்டை சாமி ரூம்ல மாட்டக் கேட்டாங்க. விளக்கு சூட்டுல உருகிடும்னு ஹால்ல மாட்டியிருக்கேன்.

இன்னும் மூணு லெட்டர் இருக்கு. ஜெராக்ஸ் எடுத்து வெச்சாச்சு.