வண்டியைப் பார்த்துச் சொல்லும் விலை



கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போய்வந்த வாசகர் ஒருவர் சென்ற மாதம் நீண்ட கடிதம் எழுதியிருந்தார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் அவருடைய ஜெர்மன் காரின் பின்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. வழியில் இருந்த பஞ்சர் கடையில் நிறுத்தியிருக்கிறார். அவருக்கு முன்னால் நின்ற சின்னக் காருக்கு நூற்றைம்பது ரூபாய் வாங்கிய கடைக்காரர், இவரிடம் அறுநூறு கேட்டிருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு ஆயில் சர்வீஸுக்கு விசாரித்தபோதும் இதே கதை. போனில் ஒரு தொகை சொன்ன பட்டறை, வண்டி வாசலில் வந்து நின்றதும் வேறொரு தொகை சொன்னதாம். "கொடுக்க முடியாமல் எழுதவில்லை. எனக்கு மட்டும் ஏன் தனி விலை என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்" என்று முடித்திருந்தார்.

எங்கள் அலுவலகத்தில் இந்தக் கடிதம் பெரிய பேச்சாகிவிட்டது. "எண்பது லட்சத்துக்குக் கார் வாங்குகிறவர் அறுநூறு ரூபாய்க்கு அழலாமா?" என்றார்கள் பாதிப் பேர். எனக்கு அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. அவர் கேட்டிருப்பது நம் எல்லோருக்கும் பொதுவான கேள்வி. சொகுசுக் கார் வைத்திருப்பவருக்கு அது கொஞ்சம் பெரிய எழுத்தில் தெரிகிறது, அவ்வளவே.

முதலில் கடைக்காரர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் காரில் டயரைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டிவிடலாம். சோப்புத் தண்ணீர் தடவி, காற்று குமிழியிடும் இடத்தைக் கண்டுபிடித்து, குறடால் ஆணியைப் பிடுங்கி, துளையை அரத்தால் இரண்டு முறை குடைந்து, ஊசியில் கோத்த பிசின் திரியை உள்ளே செருகி, வெளியே நீட்டும் நுனியை பிளேடால் நறுக்கினால் வேலை முடிந்தது. சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால்தான் பெரிய காரில் சிக்கல் ஆரம்பம். பல வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது. ஜாக்கியை அடியில் எங்கு வேண்டுமானாலும் கொடுக்க முடியாது. குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும், தவறினால் ஓரப் பட்டை நசுங்கும். நம்மூர் வண்டிகளில் தண்டில் நட்டு மாட்டுவார்கள். பல ஜெர்மன் கார்களில் போல்ட்டைத்தான் திருக வேண்டும். அதில் ஒன்று திருட்டுக்குப் பூட்டுப் போட்டது. அதற்கான தனிச் சாவி உரிமையாளரின் டூல்ஸ் பெட்டியில் எங்கோ கிடக்கும். பல உரிமையாளர்கள் அதைப் பார்த்ததுகூட இல்லை. டயர் ரன்ஃபிளாட் வகையாக இருந்தால் பக்கச் சுவர் கல் மாதிரி இருக்கும். காற்றுப் போனாலும் குறைந்த வேகத்தில் சில பத்துக் கிலோமீட்டர் ஓடும் என்பது அதன் சிறப்பு. ஆனால் அப்படி ஓட்டிக்கொண்டு வந்த டயரை ஒட்டித் தருவதற்குப் பொறுப்பேற்க யாரும் தயங்குவார்கள்.

மலை இறங்கும்போது இரண்டு டன் எடையுள்ள வண்டியை எஞ்சின் பிடிப்பில் இறக்காமல் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் பேடுகள் சூடேறித் தேய்ந்துபோகும். அந்தப் பேடை மாற்றுவதும் இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற வேலையாக இல்லை. தேய்மானத்தைச் சொல்லும் சென்சார் வயர் தனி. கை பிரேக் மின்சாரத்தில் இயங்கும் வண்டியாக இருந்தால் ஸ்கேனரை மாட்டி, பின்சக்கரப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். பழக்கத்தில் கிளாம்ப் போட்டு அமுக்கினால் மோட்டார் போய்விடும். ஆயிலும் அப்படியே. சின்ன பெட்ரோல் காருக்கு மூன்றரை லிட்டர் போதும் என்றால், ஆறு சிலிண்டர் எஞ்சின் ஆறரை லிட்டர் வரை குடிக்கும். அதுவும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்ட தரத்தில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேல் பயம் ஒன்று இருக்கிறது. முகப்பு விளக்கு ஒன்றின் விலையே லட்சத்தைத் தாண்டும் வண்டியில் கைதவறினால் அந்த மாதச் சம்பாத்தியம் முழுக்கப் போகும். அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான் மெக்கானிக் விலை சொல்கிறார். இந்த அளவுக்குக் கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. மலைமேல் கடை போட்டிருப்பவருக்குச் சாமான் எல்லாம் கீழிருந்து ஏறி வர வேண்டும். வார நாளில் வண்டியும் குறைவு. மலைக்கென்று ஒரு விலை இருப்பது நியாயம்.

ஆனால் வாசகரின் காரில் சக்கரம் கழற்றப்படவில்லை. டயர் சாதாரண வகை. சின்னக் காருக்குச் செய்த அதே வேலை, அதே திரி. மீதி நானூற்றைம்பது ரூபாய் எங்கிருந்து வந்தது?

ஒரு பகுதியைப் பெரிய கார் நிறுவனங்களிடமிருந்து இறங்கி வந்த பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். 2011-ல் கார் உரிமையாளர் ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸ் பென்ஸ் முதல் மாருதி, டாடா, மஹிந்திரா வரை அந்தப் பட்டியலில் இருந்தன. அசல் உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்துக்கொண்டு, கார் வாங்கியவர் வேறு வழியின்றித் தங்களிடமே வரும்படி செய்தார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. உதிரிப் பாகங்கள் அடக்க விலையைவிடப் பல மடங்கு வைத்து விற்கப்பட்டதையும் அது சுட்டிக்காட்டியது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. டொயோட்டா, ஃபோர்டு, நிசான் வழக்கில் 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குற்றத்தை உறுதிசெய்தது. அபராதம் கணக்கிடும் முறையை மட்டும் தளர்த்தியது. பிறகு 2022-ல் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையதளமும் தொடங்கியது. கார்களும் டிராக்டர்களும் செல்போன்களும் அதில் அடக்கம். பெரிய கம்பெனி சொல்லும் விலையைக் கேட்டுப் பழகிய ஊரில், "ஷோரூமில் எட்டாயிரம் ஆகும், நான் ஐயாயிரத்துக்கு முடிச்சுத் தர்றேன்" என்று சொல்கிற பட்டறைக்காரர் நமக்கு நல்லவராகத் தெரிகிறார். அந்த வேலைக்கு உண்மையில் இரண்டாயிரம்தான் ஆகும் என்பது அந்தப் பேச்சில் காணாமல் போய்விடுகிறது.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். கொல்லிமலையை விட்டு இறங்கி, சேந்தமங்கலம் தாண்டினால் நாமக்கல். லாரிக்குப் பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர். எரிவாயு டேங்கர்கள் வரிசைகட்டி நிற்கும் ஊர். பக்கத்தில் திருச்செங்கோடு, ரிக் வண்டிகளின் ஊர். இன்று பெரிய லாரி ஒன்றைச் சாலையில் இறக்க நாற்பது, ஐம்பது லட்சம் ஆகிவிடுகிறது; ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி கம்ப்ரஸரோடு சேர்ந்து கோடியைத் தாண்டும். நம் வாசகரின் காரைப் போல இவையும் விலை உயர்ந்த வண்டிகள்தாம். இருந்தும், "ஐம்பது லட்ச ரூபாய் வண்டி வைத்திருக்கிறார், கூடக் கேட்போம்" என்று எந்தப் பட்டறையும் லாரி முதலாளியிடம் விலை சொல்வதில்லை. சொன்னால் அன்றோடு அந்தப் பட்டறையில் வண்டி நிற்காது.

காரணம், அங்கே எல்லோருக்கும் எல்லா விலையும் தெரியும். முதலாளிகளில் பலர் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு வண்டி வாங்கியவர்கள். லைனர் மாற்ற எவ்வளவு லேபர், பட்டை கழற்றி மாட்ட எவ்வளவு, கிளட்ச் பிளேட் எந்தக் கடையில் என்ன விலை என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. வேலை நடக்கும்போது டிரைவர் பக்கத்திலேயே ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்பார். கழற்றிய பழைய சாமானை வண்டியிலேயே போட்டுக்கொண்டு வருவார். இத்தனை கண்களுக்கு நடுவில் விலை ஏறாது. சொகுசுக் காரின் உரிமையாளரோ கண்ணாடி அறையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். வண்டி எந்தக் கதவுக்குப் பின்னால் போனது என்றே அவருக்குத் தெரியாது. அந்தக் கார் கடைக்காரரிடம் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: இவரிடம் பணம் இருக்கிறது, இவர் பானெட்டைத் திறந்து பார்க்கப்போவதில்லை. விலையை ஏற்றுவது பெரும்பாலும் இரண்டாவது செய்திதான்.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆண்களும் பெண்களுமாகப் பலரை நாடெங்கும் உள்ள பட்டறைகளுக்குப் போன் செய்யச் சொன்னார்கள். எல்லோரும் கேட்டது ஒரே வேலை: 2003-ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரிக்கு ரேடியேட்டர் மாற்ற வேண்டும். சிலர் விலை பற்றி ஒன்றும் தெரியாது என்றார்கள். சிலர் சந்தை விலையைச் சொல்லி, "இவ்வளவு ஆகும் என்று கேள்விப்பட்டேன்" என்றார்கள். வேறு சிலர் வேண்டுமென்றே கூடுதலான தொகையைச் சொன்னார்கள். கூடுதலாகச் சொன்னவர்களுக்குக் கூடுதல் விலையே கிடைத்தது. ஒன்றும் தெரியாது என்றவர்களில் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிக விலை சொன்னார்கள். ஆனால் சந்தை விலையைச் சொன்ன பெண்ணுக்கும் ஆணுக்கும் வித்தியாசம் மறைந்துவிட்டது. கார் ஒன்று, வேலை ஒன்று. மாறியது, கேட்பவருக்கு என்ன தெரியும் என்று எதிர்முனையில் இருப்பவர் போட்ட கணக்கு மட்டும்தான்.

அதனால்தான் "பணக்காரர் கொடுத்தால் என்ன" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. முகம் பார்த்து விலை சொல்லிப் பழகிய கண், சொகுசுக் காரோடு நிற்பதில்லை. தனியாக ஸ்கூட்டி ஓட்டிவரும் பெண்ணையும், வெளியூர்ப் பதிவெண்ணையும், மகன் வெளிநாட்டில் இருக்கும் பெரியவரையும் அதே கண்தான் அளக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பத்து வருடம் ஓடிய சொகுசுக் கார், புதுச் சின்னக் காரின் விலைக்கு இன்று கிடைக்கிறது. நெடுநாள் ஆசையில் அப்படி ஒன்றை வாங்கிய மாதச் சம்பளக்காரர்கள் நம் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். பானெட்டில் இருக்கும் சின்னத்தைப் பார்த்து விலை சொல்கிறவருக்கு அந்தக் கடன் தவணை தெரியாது.

இதே கொல்லிமலையில் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் பார்க்கலாம். மிளகும் காபியும் பலாவும் அன்னாசியும் விளையும் மலை அது. மிளகுக் கொடி காய்ப்பதற்கு முன்பே கைமாற்றாகப் பணம் வாங்கிவிட்ட மலையாளிப் பழங்குடி விவசாயி, அறுவடையானதும் கடன் கொடுத்த வியாபாரி சொன்ன விலைக்கே சரக்கைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பட்டறையில் ஆளைப் பார்த்து விலை ஏறுகிறது. மிளகு வியாபாரத்தில் ஆளைப் பார்த்து விலை இறங்குகிறது. 1990களிலிருந்து அந்த மலையில் வேலை செய்துவரும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், சாமை, தினை போன்ற சிறுதானியங்களை அந்தந்த ஊரிலேயே அரைத்துப் பொட்டலம் போட மகளிர் குழுக்களுக்குக் கைகொடுத்தது. தானியமாகக் கொட்டிக் கொடுத்த கைகள், மாவாக்கி விலை எழுதி ஒட்டத் தொடங்கின. மலைமேல் உள்ள சோளக்காடு சந்தைக்குப் போகிறவர்கள் மிளகு வாங்கும்போது, நகரத்துக் கடையில் அது என்ன விலை விற்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேரம் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வாசகருக்கு நான் எழுதிய பதிலில் சில வழிகளைச் சொன்னேன். மலையேறும் முன் ஸ்டெப்னி இருக்கிறதா, போல்ட்டின் தனிச் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வண்டியை விடுவதற்கு முன்பே சாமான் எவ்வளவு, லேபர் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேளுங்கள். கூடுதல் கேட்டால் சண்டை வேண்டாம், "இந்த வண்டிக்கு என்ன வேலை கூட இருக்குதுண்ணே?" என்று கேளுங்கள். உண்மையிலேயே கூடுதல் வேலை இருந்தால் மெக்கானிக் ஆசையாக விளக்குவார். நாமும் ஒன்று கற்றுக்கொள்வோம். பில் கட்டாயம் வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, விலை தெரிய வேண்டும். நாமக்கல் டீக்கடையில் லாரிக்காரர்களுக்குக் கிடைப்பது நமக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். உங்கள் ஊரில் டியூப்லெஸ் பஞ்சர், ஆயில் மாற்றல், முன்சக்கர பிரேக் பேட், வீல் அலைன்மென்ட் ஆகிய நான்கு வேலைகளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். வண்டியின் பெயர், ஊர், மாதம் மூன்றும் இருக்கட்டும். கடையின் பெயர் வேண்டாம். மெக்கானிக்குகளும் எழுதலாம், எந்த வண்டியில் எந்த வேலைக்கு ஏன் கூடுதலாகிறது என்று அவர்கள் எழுதுவதை முதலில் போடுவோம். அடுத்த இதழிலிருந்து ஊர்வாரியாக விலைப் பட்டியல் வெளிவரும். அட்டைகள் இந்த மாதம் 25-ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்